சால்வடோரியரும் அரபியரும்: சராசரி சொல்லாத கணக்கு

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் குடியேறிய எல் சால்வடோர் மக்களையும் அரபு மக்களையும் படிப்பு, வருமானம், வேலை, சமூக நிலை ஆகியவற்றில் ஒப்பிட்டால் யார் மேலே, ஏன்?

சராசரியை மட்டும் பார்த்தால் அரபியர் மேலே. படிப்பில் இடைவெளி மிகப் பெரிது, வருமானத்தில் அவ்வளவு இல்லை. வறுமைக் கணக்குக்கு வந்தால் சில அரபுக் குழுக்கள் சால்வடோரியரைவிடக் கீழே இருக்கின்றன. இந்தச் சராசரியைக் காட்டி, 'ஒரு கூட்டம் படிப்பை மதிக்கிறது, இன்னொரு கூட்டம் மதிக்கவில்லை' என்று தீர்ப்பெழுதுவோர் நிறையப் பேர். ஊரிலிருந்து கிளம்பியவர்கள் யார், எந்த விசாவில் உள்ளே வந்தார்கள், வந்தபின் அவர்கள் கையில் என்ன குடியேற்றக் காகிதம் இருந்தது என்ற மூன்றையும் பார்க்காமல் அந்தத் தீர்ப்பை எழுத முடியாது.

முதல் சிக்கல் தலை எண்ணுவதிலேயே தொடங்குகிறது. சால்வடோரியரை எண்ணுவது ஓரளவு சுலபம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'ஹிஸ்பானிக்' கேள்விக்குக் கீழே நாட்டின் பெயரைக் குறிக்க இடம் உண்டு. அப்படிக் குறித்தவர்கள் இப்போது ஏறக்குறைய 25 லட்சம் பேர். எல் சால்வடோரின் சொந்த மக்கள்தொகையே 60 லட்சம்தான் என்பதை நினைவில் வையுங்கள். இவர்களில் பாதிக்கு மேல் அங்கே பிறந்து இங்கே வந்தவர்கள், மற்றவர்களில் பெரும்பாலோர் அவர்களுடைய பிள்ளைகள். மூன்றாம் தலைமுறை மிகச் சிறியது.

அரபியருக்கு அப்படி ஒரு கட்டம் இருந்ததே இல்லை. 1915ல் ஜார்ஜ் டவ் என்ற சிரியர் குடியுரிமை வழக்கில் வென்றார். அதிலிருந்து சட்டத்தின் கண்ணில் அவர்கள் 'வெள்ளையர்'. மத்தியக் கிழக்கு, வட ஆப்பிரிக்கா என்ற தனி வகையைச் சேர்க்கும் முடிவு 2024 மார்ச்சில்தான் வந்தது. 2020 கணக்கெடுப்பில் 'வெள்ளையர்' கட்டத்துக்குக் கீழே பூர்வீகத்தை எழுத இடம் விட்டார்கள். அதிலிருந்து அந்தப் பகுதியைச் சேர்ந்தவர்கள் 35 லட்சம் என்று கணக்கு வந்தது: லெபனானியர் 6.86 லட்சம், ஈரானியர் 5.69 லட்சம், எகிப்தியர் 3.97 லட்சம். இரண்டாவது இடத்தில் இருப்பவர்கள் யார் என்று கவனியுங்கள். ஈரானியர் அரபியர் அல்லர், ஆனால் படிப்பிலும் வருமானத்திலும் உயரத்தில் இருப்பவர்கள். அவர்களையும் சேர்த்துப் போட்ட சராசரியை 'அரபியர் வருமானம்' என்று எழுதும் கட்டுரைகள் ஏராளம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. பூர்வீகம் கேட்கும் பழைய கேள்வியை வைத்துப் போடும் அரபு அட்டவணைகளில் இராக் பகுதிக் கிறிஸ்தவர்களான கல்தேயர், அசீரியர் சேர மாட்டார்கள், அவர்களுக்குத் தனிக் குறியீடு. சூடானியரும் சோமாலியரும் ஆப்பிரிக்க வரிசைக்குப் போய்விடுவார்கள். அதே நேரம், 1880க்கும் 1924க்கும் இடையில் லெபனான் மலைப்பகுதியிலிருந்து வந்து, மன்ஹாட்டன் வாஷிங்டன் தெருவில் துணிமூட்டை தூக்கி விற்ற கிறிஸ்தவர்களின் கொள்ளுப்பேரர்கள் முழுமையாக உள்ளே இருப்பார்கள். அவர்கள் இன்று வழக்கறிஞர்கள், மருத்துவர்கள், வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசும் நான்காம் தலைமுறை. அவர்களை நேற்று டெக்சாஸ் எல்லையைக் கடந்த சால்வடோர் விவசாயியோடு வைத்து ஒப்பிட்டால், விடை கணக்கு போடுவதற்கு முன்பே முடிவாகிவிடும்.

அரபுச் சராசரிக்குள் இருப்பது ஒரு மேடு இல்லை, இரண்டு மேடு. 2000 கணக்கெடுப்பை வைத்து அரசே வெளியிட்ட எண்கள் இதைத் தெளிவாகக் காட்டும். 25 வயதைத் தாண்டிய அரபியரில் 41% பட்டதாரிகள், நாட்டுச் சராசரி 24%. குடும்ப வருமானத்தின் இடைநிலை (வரிசையாக நிறுத்தினால் நடுவில் வரும் எண்) 52,300 டாலர், நாட்டில் 50,000. இதுவரை சரி. வறுமையில் இருந்தவர்களோ 17%, நாட்டில் 12%. படிப்பிலும் வருமானத்திலும் நாட்டை முந்திய கூட்டம் வறுமையிலும் முந்துகிறது. ஒரு முனையில் எகிப்திய மருத்துவர், லெபனானியத் தொழிலதிபர், சிரியப் பொறியாளர். மறுமுனையில் யேமனியர், அவர்களோடு பின்னாளில் சேர்ந்த, 2003க்குப் பின் வந்த இராக்கியர், 2011க்குப் பின் வந்த சிரிய அகதிகள். இரண்டாவது முனையில் இருப்பவர்களின் வறுமை விகிதம் சால்வடோரியரின் விகிதத்தைத் தாண்டும். சராசரி மனிதர் என்று ஒருவரைத் தேடினால் நடுவில் ஆளே அதிகம் இல்லை.

சால்வடோரியரின் வரைபடம் இதற்கு நேர்மாறு. பட்டதாரிகள் பத்தில் ஒருவர் அளவுதான். ஆனால் வேலை செய்வோர் விகிதம் மிக அதிகம், ஆணுக்கும் பெண்ணுக்கும். கட்டட வேலை, உணவக சமையலறை, அலுவலகத் துப்புரவு, தோட்ட வேலை, குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலை என்று ஒரே மாதிரியான உயரத்தில் நெருக்கமாகக் கூடி இருப்பார்கள். மிகப் பணக்காரரும் குறைவு, வேலையே இல்லாதவரும் குறைவு.

இதற்குக் காரணம் யார் கிளம்பினார்கள் என்பதில் தொடங்குகிறது. எகிப்தில் நாசர் காலத்தில் பல்கலைக்கழகக் கல்வி இலவசமானது, பட்டம் வாங்கியவருக்கு அரசு வேலை உறுதி என்றார்கள். பட்டதாரிகள் பெருகினார்கள், சம்பளம் பெருகவில்லை. 1965ல் அமெரிக்கா நாட்டுவாரி ஒதுக்கீட்டை ஒழித்து, தொழில் திறனுக்கும் உறவுக்கும் இடம் கொடுத்ததும் அவர்களில் ஒரு பகுதியினர் விமானம் ஏறினார்கள். கடலைக் கடக்க டிக்கெட் வேண்டும், விசா வேண்டும், விசாவுக்குச் சான்றிதழ் வேண்டும். தூரமே ஒரு சல்லடை.

அந்தச் சல்லடைக்கு நல்ல உதாரணம் விசா குலுக்கல். ஆண்டுக்கு அதிகபட்சம் 55,000 பேருக்குக் கிரீன் கார்டு தந்து வந்த திட்டம் இது, 2025 டிசம்பரில் அரசு இதை நிறுத்திவைத்தது. விண்ணப்பிப்பவர் பள்ளி மேல்நிலை முடித்திருக்க வேண்டும், அல்லது பயிற்சி தேவைப்படும் தொழிலில் 2 ஆண்டு அனுபவம் வேண்டும். எகிப்து, மொராக்கோ, அல்ஜீரியா, சூடான் மக்கள் இதில் நிறைய வந்திருக்கிறார்கள். ஐந்தாண்டில் 50,000 பேருக்கு மேல் அனுப்பிய நாடுகளுக்கு இதில் இடமில்லை, எல் சால்வடோர் அந்தப் பட்டியலில் இருந்து வந்திருக்கிறது. (இந்தியாவும் அதே பட்டியலில்தான், நம்மில் குலுக்கலுக்குப் பணம் கட்டி ஏமாந்தவர்கள் அறிவார்கள்.)

எல் சால்வடோரிலிருந்து கால்நடையாகவும் பேருந்திலும் குவாத்தமாலா, மெக்சிகோ வழியாக வந்துவிடலாம். படிக்காதவரும் வரலாம், வந்தார்கள். 1980 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் 75,000 பேர் அளவில் மாண்டார்கள். கிராமப்புறப் பள்ளிகள் மூடிக் கிடந்தன. ஓடிவந்தவர்கள் பலர் ஆரம்பப் பள்ளியோடு நின்றவர்கள். எல்லை கடத்தும் ஆளுக்குப் பல ஆயிரம் டாலர் கடன்பட்டு வருவதால் முதல் சில ஆண்டு உழைப்பு கடனுக்கே போகும். அது தீர்ந்ததும் ஊருக்குப் பணம். 2023ல் எல் சால்வடோருக்கு வெளிநாட்டிலிருந்து வந்த தொகை 800 கோடி டாலருக்கு மேல், நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய கால் பங்கு. லாஸ் ஏஞ்சல்ஸில் வீடாகவோ கடையாகவோ மாறியிருக்க வேண்டிய சேமிப்பு எல் சால்வடோரின் சான் மிகுவேலில் கூரையாகவும் தங்கையின் பள்ளிக் கட்டணமாகவும் மாறுகிறது. அமெரிக்கக் கணக்கில் அது 'சொத்து இல்லாதவர்' என்றுதான் பதிவாகும்.

இப்போது காகிதத்துக்கு வருவோம். இரு சமூகங்களின் பாதையும் உண்மையில் பிரிவது இங்கேதான். மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

1980களில் சால்வடோரியர் அகதி விண்ணப்பம் போட்டால் ஏற்கப்பட்டது 3%க்கும் கீழே. அவர்கள் தப்பி வந்தது ரீகன் அரசு ஆயுதமும் பணமும் கொடுத்து வந்த ஆட்சியிடமிருந்து. அவர்களை அகதி என்று ஒப்புக்கொண்டால் அந்த ஆட்சி தன் மக்களைக் கொல்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். எனவே 'பிழைப்புத் தேடி வந்தவர்கள்' என்று முத்திரை குத்தினார்கள். தேவாலயங்கள் வழக்குப் போட்டு, 1991ல் சமரசம் ஏற்பட்டு, பழைய விண்ணப்பங்களை மறுபடி விசாரிக்க ஒப்புக்கொண்டது அரசு. 1997ல் வந்த சட்டத்தில் நிகரகுவா, கியூபா மக்களுக்கு நேரடியாகக் கிரீன் கார்டு, சால்வடோரியருக்கும் குவாத்தமாலியருக்கும் ஒவ்வொருவராக விண்ணப்பித்துத் தன் கஷ்டத்தைக் காட்ட வேண்டிய சுற்றுவழி. ஒரே சட்டத்துக்குள் இரண்டு பந்தி.

பிறகு 2001. ஜனவரி 13லும் பிப்ரவரி 13லும் எல் சால்வடோரில் இரண்டு பெரிய நிலநடுக்கம். அமெரிக்காவில் அப்போதே இருந்தவர்களுக்கு 'தற்காலிகப் பாதுகாப்பு நிலை' கொடுத்தார்கள், சுருக்கமாக டிபிஎஸ். வேலை அனுமதி உண்டு, நாடு கடத்த மாட்டார்கள். வழக்கமாக 18 மாதம், பிறகு புதுப்பிக்க வேண்டும். அப்படியே புதுப்பித்துப் புதுப்பித்துக் கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. 2018 ஜனவரியில் ரத்து என்று அறிவித்தார்கள், நீதிமன்றம் தடுத்தது, 2025 ஜனவரியில் 2026 செப்டம்பர் 9 வரை நீட்டித்தார்கள். அந்த நீட்டிப்பின்போது அதன் கீழ் இருந்தவர்கள் 2.3 லட்சம் பேர் அளவில். 2001 பிப்ரவரிக்குப் பிறகு வந்தவர்களுக்கு அதுவும் கிடையாது.

டிபிஎஸ் வைத்திருப்பவர் என்ன செய்ய முடியாது என்று பாருங்கள். எத்தனை ஆண்டு வரி கட்டினாலும் அது குடியுரிமைக்கான பாதை ஆகாது. எல்லையில் சோதனையின்றி நுழைந்தவர் என்றால், முதலாளி கையெழுத்துப் போட்டாலும் உள்நாட்டிலேயே கிரீன் கார்டுக்கு மாற முடியாது. 'சான்செஸ் எதிர் மயோர்காஸ்' வழக்கில் 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது இதைத்தான், வழக்காடியவரும் சால்வடோரியர். வெளியே போய் விசா வாங்கலாம் என்றால் 1996 சட்டம் குறுக்கே நிற்கும்: ஓராண்டுக்கு மேல் அனுமதியின்றி இருந்துவிட்டு வெளியேறினால் 10 ஆண்டு உள்ளே வரத் தடை. 18 மாதத்துக்கு ஒருமுறை காலாவதியாகும் அட்டையை நம்பி 30 ஆண்டு வீட்டுக்கடன் வாங்கத் தயங்குவார்கள், நான்கு ஆண்டுப் படிப்பில் சேரத் தயங்குவார்கள், முதலாளியோடு சண்டை போடத் தயங்குவார்கள். ஆனாலும் அந்த அரைகுறை அட்டையே பலன் தந்தது. டிபிஎஸ் கிடைத்தபின் குறைந்த படிப்புள்ள பெண்களிடையே வேலை பார்ப்போர் விகிதமும் ஆண்களின் வருமானமும் உயர்ந்ததைப் பொருளாதார ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆளும் ஊரும் பழக்கவழக்கமும் மாறவில்லை. மாறியது காகிதம்.

அகதியாக வந்த இராக்கியரை எடுத்துக்கொண்டால், அவர் ஓராண்டில் கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கலாம், ஐந்தாண்டில் குடிமகன், பிறகு மனைவி மக்களையும் பெற்றோரையும் முறைப்படி அழைக்கலாம். வறுமையில் தொடங்கினாலும் ஏணி இருக்கிறது. காகிதமே இல்லாத சால்வடோரியர் தன் சொந்தக் காசைக் கொடுத்தாலும் மத்திய அரசு நடத்தும் மருத்துவக் காப்பீட்டுச் சந்தையில் காப்பீடு வாங்க முடியாது.

அரபியருக்குக் காகிதம் இருந்தது, வேறு இடத்தில் அடி விழுந்தது. 2001 செப்டம்பருக்குப் பின் அரபு, முஸ்லிம் ஆண்களின் கூலி 9 முதல் 11% குறைந்ததாக நீரஜ் கௌஷல் முதலானோரின் ஆய்வு கணக்கிட்டது. வேலை போகவில்லை, கூலிதான் இறங்கியது. பெரும்பாலும் முஸ்லிம் நாடுகளைச் சேர்ந்த ஆண்களுக்காக 2002ல் கொண்டுவந்த சிறப்புப் பதிவுத் திட்டத்தில் 80,000க்கும் மேற்பட்ட ஆண்கள் அலுவலகம் சென்று கைரேகை கொடுத்தார்கள், அவர்களில் 13,000 பேர் அளவில் நாடு கடத்தும் விசாரணையில் சிக்கினார்கள். டிரம்ப் போட்ட 2017 ஜனவரிப் பயணத் தடையில் இருந்த ஏழு நாடுகளில் யேமனும் இராக்கும் சிரியாவும் உண்டு. அதை எதிர்த்து நியூயார்க்கின் யேமனி மளிகைக்காரர்கள் பிப்ரவரி 2 அன்று கடையடைத்தார்கள். நகரத்தின் மூலைக்கடைகள் யார் கையில் இருக்கின்றன என்று பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

படித்த அரபியருக்கும் மேலே ஒரு முட்டுச்சுவர் உண்டு. கெய்ரோவில் மருத்துவம் படித்தவர் இங்கே தேர்வுகளையெல்லாம் மறுபடி எழுதி, பிறகு மருத்துவமனைப் பயிற்சி இடம் பிடிக்க வேண்டும். இடம் கிடைக்காதவர் ஆய்வகத்திலோ டாக்சியிலோ நிற்பார். அவரும் '41% பட்டதாரி' கணக்கில் சேர்ந்தவர்தான். படிப்பில் இவ்வளவு பெரிய முன்னிலை வருமானத்தில் ஏன் சிறிதாகத் தேய்கிறது என்பதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று பெண்கள் வேலைக்குப் போவது. 2000ல் அரபுப் பெண்களில் வேலைச் சந்தையில் இருந்தவர்கள் 46%, நாட்டில் 58%. சால்வடோரியரின் வாஷிங்டன் குடியேற்றமோ 1960களில் பெண்களிடமிருந்தே தொடங்கியது. தூதரக அதிகாரிகளின் வீடுகளில் வேலைக்கு வந்தவர்கள், பிறகு அண்ணன் தம்பிகளை அழைத்துக்கொண்டார்கள்.

தொழில் தொடங்கும் வேறுபாட்டையும் பார்க்கலாம். சீட்டு பிடிப்பது இரு பக்கமும் உண்டு. அரபியர் அதை 'ஜமயா' என்பார்கள், சால்வடோரியர் 'குச்சுபால்' என்பார்கள், முறை நம் ஏலமில்லாச் சீட்டு போலத்தான். ஆனால் யேமனிக்கு அந்தப் பணம் கடையின் முன்பணம் ஆகும். ஏற்கெனவே கடை வைத்திருக்கும் மாமனோ சித்தப்பாவோ மொத்த வியாபாரியிடம் கடன் சொல்லிக்கொடுப்பார், டெட்ராய்ட்டின் கல்தேய மளிகைக்கடைகள் பரவிய விதமும் இதுதான். குத்தகை, மது உரிமம், லாட்டரி உரிமம் எல்லாவற்றுக்கும் அடையாளக் காகிதம் கேட்பார்கள். அது இல்லாதவருக்குச் சீட்டுப் பணம் அடுத்த தம்பியின் எல்லைச் செலவுக்குப் போகும், அல்லது ஒரு பிக்கப் வண்டி வாங்கி மூன்று பேரோடு கூரை போடும் வேலை எடுக்கலாம்.

கூலிக்காரராகவே இருந்து முன்னேற இன்னொரு வழி சங்கம். லாஸ் ஏஞ்சல்ஸில் 1980களில் துப்புரவு வேலை சங்கமில்லாத ஒப்பந்தக்காரர்கள் கைக்குப் போய்க் கூலி சரிந்தது. அதை மீட்ட 'துப்புரவாளருக்கு நீதி' இயக்கத்தில் முன்னால் நின்றவர்களில் சால்வடோரியர் ஏராளம். 1990 ஜூன் 15 அன்று செஞ்சுரி சிட்டியில் போலீஸ் தடியடி நடத்தியது, அந்த அடிதான் ஒப்பந்தத்தை வாங்கிக்கொடுத்தது. போர்க்காலத்தில் சொந்த ஊரில் சங்கம் வைத்து உயிர் தப்பியவர்களுக்கு இது புதிதாக இருந்திருக்காது. வருமான அட்டவணையில் இந்த உழைப்பு தெரியாது. எம்எஸ்-13 என்ற வன்முறைக் கும்பல் பற்றிய தலைப்புச் செய்திகள்தான் தெரியும். அந்தக் கும்பலும் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்து, நாடு கடத்தல் வழியாக எல் சால்வடோருக்கு ஏற்றுமதியான ஒன்று.

'கலாசாரம்' வாதத்துக்கு நல்ல சோதனை இரு கூட்டமும் சந்திக்கும் இடத்திலேயே இருக்கிறது. எல் சால்வடோருக்கே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெத்லகேம் பக்கத்துப் பாலஸ்தீனக் கிறிஸ்தவர்கள் குடியேறினார்கள். துருக்கியப் பேரரசின் காகிதத்தோடு வந்ததால் 'துர்க்கோ' என்று ஏளனப் பெயர், 1930களின் சர்வாதிகார ஆட்சியில் அவர்களுக்கு எதிராகச் சட்டமும் வந்தது. துணிக்கடையில் தொடங்கித் தொழில்துறைக்கு ஏறினார்கள். 2004 அதிபர் தேர்தலில் வலதுசாரி வேட்பாளர் அந்தோனியோ சாக்கா, இடதுசாரி வேட்பாளர் ஷாஃபிக் ஹாண்டால், இருவருமே பெத்லகேம் வம்சாவளி. இன்றைய அதிபர் நயிப் புகேலேயின் தந்தைவழியும் பாலஸ்தீனம்தான். 'அப்படியானால் அரபியர் எங்கே போனாலும் ஜெயிப்பார்கள்' என்று சொல்ல வாய் வரும். மேற்கு பெர்லினைப் பாருங்கள். லெபனான் போரிலிருந்து ஓடிய பாலஸ்தீனரும் பிறரும் 1970களிலும் 80களிலும் அங்கே போனார்கள். கிடைத்தது 'பொறுத்துக்கொள்ளப்பட்டவர்' என்ற நிலை, சில மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பு, நெடுங்காலம் வேலை அனுமதி மறுப்பு. அந்தக் குடும்பங்கள் பல இரண்டு தலைமுறை கழித்தும் நொய்கோல்ன் பகுதியில் அரசு உதவித்தொகையோடு மல்லுக்கட்டுகின்றன. மொழியும் உணவும் உறவுமுறையும் ஏறக்குறைய ஒன்று, கதவு வேறு.

நீங்களே கணக்கு போட்டுப் பார்ப்பதானால், அமெரிக்கச் சமூகக் கணக்கெடுப்பின் தனிநபர் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. ஐந்தாண்டுத் தொகுப்பை எடுங்கள், ஓராண்டுத் தொகுப்பில் யேமனியர் போன்ற சிறு குழுக்களுக்கு மாதிரி போதாது. பூர்வீகத்தை விட்டுவிட்டுப் பிறந்த நாட்டை வைத்துப் பிரியுங்கள், கொள்ளுப்பேரர்கள் தானாக விலகிவிடுவார்கள். வயது 25 முதல் 64 வரை. வந்த ஆண்டை 10 ஆண்டுப் பட்டைகளாக வெட்டுங்கள். அரபியரை ஒரே மூட்டையாகக் கட்டாமல் லெபனான், எகிப்து, இராக், யேமன், சிரியா என்று தனித்தனியாக வையுங்கள். சராசரி வேண்டாம், இடைநிலை எடுங்கள், எடை காரணியை (ஒவ்வொரு பதிலும் எத்தனை பேருக்குச் சமம் என்ற எண்ணை) பெருக்க மறக்காதீர்கள்.

அதிகம் பேர் வழுக்கும் இடம் குடும்ப வருமானம். நான்கு பேர் சம்பாதிக்கும் ஆறு பேர் சால்வடோர் குடும்பம் 90,000 டாலர் ஈட்டுகிறது, ஒருவர் சம்பாதிக்கும் இருவர் குடும்பம் 70,000 ஈட்டுகிறது என்று வையுங்கள். முதலாவது மேலே போலத் தெரியும். குடும்ப அளவைச் சரிக்கட்ட, தலை எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் 36,700, 49,500 என்று ஆகிவிடும். அடுத்தது ஊர். சால்வடோரியர் குவிந்திருப்பது லாஸ் ஏஞ்சல்ஸ், வாஷிங்டன் சுற்றுவட்டம், லாங் ஐலண்ட் என்று வாடகை உயிரெடுக்கும் இடங்களில். டெட்ராய்ட்டை ஒட்டிய, மக்களில் பாதிக்கு மேல் மத்தியக் கிழக்கு வம்சாவளியான டியர்பர்னில் ஒரு ஃபோர்டு தொழிலாளி வாங்கக்கூடிய வீட்டை லாஸ் ஏஞ்சல்ஸில் நினைத்துப் பார்க்க முடியாது. சொந்த வீடு விகிதத்தை ஊர் பிரிக்காமல் ஒப்பிடுவது வீண். இந்தக் கணக்கெடுப்பு குடியுரிமை உண்டா என்று கேட்கும், காகிதம் உண்டா என்று கேட்காது. ஆகவே குடியுரிமை பெற்றவர், பெறாதவர் என்று பிரிப்பதே கைக்கெட்டும் மாற்று.

ஒரே ஒரு அட்டவணைதான் போட நேரம் இருக்கிறது என்றால், 2001க்கு முன் வந்து, மேல்நிலைப் பள்ளியோடு நின்று, குடியுரிமை வாங்கிய சால்வடோரியரை அதே காலத்தில் வந்த, அதே படிப்புள்ள, குடியுரிமை வாங்கிய யேமனியரோடு வையுங்கள். ஆண், பெண் வரிசைகளைத் தனியாகப் போடுங்கள். இல்லாவிட்டால் யேமனிக் கடையில் சம்பளமில்லாமல் நிற்கும் மனைவியும், அலுவலகம் துடைத்துச் சம்பளம் வாங்கும் சால்வடோர் மனைவியும் ஒரே எண்ணுக்குள் கரைந்துவிடுவார்கள்.